பதினாலாவது பெட்டி

பதிமூன்று பச்சை, ஒரு சிவப்பு. லூர்திகா திரையில் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தால் பழுத்துவிடும் என்று ஒன்றும் இல்லை, பச்சைதான் சிவப்பாகப் பழுக்கும், சிவப்பு எந்தக் காலத்தில் பச்சையாகியிருக்கிறது, இருந்தாலும் கண்ணை எடுக்க முடியவில்லை, எடுத்தால் அந்த நேரம் பார்த்து இன்னும் மோசமாக ஏதாவது ஆகிவிடும் போல இருந்தது. மணி இரண்டு பத்து. மூன்றரைக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். இங்கே மூன்றரை என்றால் சிங்கப்பூரில் ஆறு, அந்தக் கப்பல் கம்பெனிக்காரர்கள் ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், வீட்டுக்குப் போவது அவர்களுக்கு அவ்வளவு சுலபம். பதினேழாம் தேதி கப்பல் சிங்கப்பூரைத் தொடுகிறது, அன்றைக்கு நம்மூர் ஆட்கள் பதினான்கு பேர் இறங்க வேண்டும், இறங்குகிறவர்களின் விவரத்தைத் தூத்துக்குடியிலிருந்து இந்த ஏஜென்ட் ஆபீஸ் அனுப்ப வேண்டும், அனுப்புகிற வேலை நாலு மாதமாக லூர்திகாவுடையது, பதிமூன்று பேருடையது போய்விட்டது, பச்சை, போகாமல் சிவப்பில் நிற்கிற பதினாலாவது ஆள் போசன் அந்தோணி கொரேரா, அதாவது கப்பல் டெக்கில் வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் மேஸ்திரி, அதாவது அவளுடைய டாடி. இதை இப்படி வரிசையாகச் சொன்னால் யாரோ வேண்டுமென்றே ஜோடித்த மாதிரி இருக்கிறது. ஜோடிக்கவில்லை. இந்தத் தெருவில் கல்லை விட்டெறிந்தால் ஒரு கப்பல்காரன் தலையில் விழும், அவன் மகளுக்கோ மருமகளுக்கோ இந்த மாதிரி ஒரு ஆபீஸில்தான் வேலை. "பதினாலுக்குப் பதிமூணு போயிட்டுல்லா, பின்ன என்ன, நல்ல மார்க்குதான்" என்றார் வில்சன் சார், கண்ணாடி அறைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி. "அந்த ஒரு மார்க்கு எங்க டாடி சார்." "அதுக்கு நான் என்ன செய்யட்டும்? மெயில்ல அனுப்புனா அவனுவ எடுக்க மாட்டானுவ. சிஸ்டத்துல போனாத்தான் டிக்கெட்டு. போவலன்னா அடுத்த போர்ட்ல பாத்துக்கிடலாம்." அடுத்த போர்ட் பிரேசில். நாற்பது நாள் தண்ணீர். அங்கே ஆள் மாற்ற மாட்டார்கள், செலவு அதிகம், சரக்கை ஏற்றிக்கொண்டு திரும்ப இன்னொரு நாற்பது. ஒன்பது மாத ஒப்பந்தம், இப்போது பதினோராவது மாதம் நடக்கிறது. சார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார், ஆமை மாதிரி.

சிவப்பைத் தட்டினால் சிங்கப்பூர் சிஸ்டம் சொன்ன காரணம் ஒரே ஒரு வரி வந்தது: அனுமதித்த ஆழத்தைத் தாண்டிவிட்டது. அவ்வளவுதான். எதனுடைய ஆழம், எவன் அனுமதித்தது, ஒன்றும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பக்கத்து மேஜை ஞானதுரை அண்ணன்தான் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார், சொல்லிக்கொடுத்தார் என்ன, மக்ரூன் தின்றுகொண்டே நாலு வாக்கியம் பேசினார், நம்ம சிஸ்டம் ஒரு பாஷை, அவனுவ சிஸ்டம் ஒரு பாஷை, அதனால ஒரு ஆளைப் பத்தி எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டு அனுப்புறோம், பெரிய பெட்டி ஆளு, அதுக்குள்ள பாஸ்போர்ட் ஒரு பெட்டி, சர்டிபிகேட் ஒரு பெட்டி, தடுப்பூசி ஒரு பெட்டி, குடும்பம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் அவன் ஒவ்வொண்ணா திறந்து அவன் அலமாரியில வச்சுக்குவான். அவளுக்கு அது உடனே புரிந்துபோனது, ஏனென்றால் டாடி பெட்டி அடுக்குவது அப்படித்தான். ஷூவுக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் சவரக் கத்தி, கத்தி உறைக்குள் ஊசி நூல். இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் ஒரு கிராம் போனாலும் ஏர்போர்ட்டில் கழற்றிப் போடச் சொல்வான் என்று, கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு, ஒன்றுக்குள் ஒன்று, ஒன்றுக்குள் ஒன்று, மம்மி இருக்கும்போது மம்மி எடுத்துக்கொடுப்பாள், மம்மி போன பிறகு லூர்திகா எடுத்துக்கொடுத்தாள், போன தடவை எடுத்துக்கொடுக்கவில்லை, கதவில் சாய்ந்து நின்றுகொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தாள். சண்டை. காலேஜுக்குப் போ என்றார், போகமாட்டேன் என்றாள், காரணம் சொல்லு என்றார், பிடிக்கவில்லை என்றாள், அவ்வளவுதான் காரணம், வேறு காரணம் இருந்தால் சொல்லமாட்டாளா. அவர் சாக்ஸைச் சுருட்டினார். அந்தச் சுருட்டல் அவளுக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது, மெதுவாக, கயிறு சுருட்டுகிற மாதிரி, முனை தெரியாமல். திரும்பி வரும்போது அந்தப் பெட்டி வேறு மாதிரி இருக்கும், ஷூவுக்குள் சாக்லேட், சாக்லேட் டப்பாவுக்குள் வாட்ச், திறந்த உடனே டீசலும் சோப்பும் கலந்த ஒரு வாசனை வரும், வீட்டில் கூட இருக்கிற பிலோ அத்தை மூக்கைப் பொத்துவாள், "ஏட்டி, எல்லாத்தையும் வெயில்ல போடு, கப்பல் நாறுது" என்பாள். லூர்திகா போடமாட்டாள். இரண்டு நாள் உள்ளேயே வைத்திருப்பாள். யாரிடமும் சொன்னதில்லை.

"ஆழம்னா சைஸ்தான் பிள்ள" என்றார் ஞானதுரை அண்ணன், நாற்காலியை உருட்டிக்கொண்டு அவள் பக்கம் வந்து. "மத்தவங்க பெட்டியெல்லாம் பாரு, சும்மா நாப்பது கேபி. உங்கப்பா பெட்டி ஒன்பது எம்பி. யானை மாதிரி இருக்கு. போட்டோ பெருசா ஏத்திருப்பாங்க. போட்டோவச் சின்னதாக்கு." அவள் போட்டோவைத் திறந்தாள். ஆரஞ்சு நிறத்தில் பாய்லர் சூட், கப்பலில் வேலைக்குப் போடுகிற உடுப்பு, நெற்றியில் ஹெல்மெட் பட்டை அழுத்தின கோடு, சிரிக்கவில்லை, போட்டோவுக்குச் சிரித்ததால் பாஸ்போர்ட் ஆபீஸில் திருப்பி அனுப்பினானாம், அன்றிலிருந்து எந்தப் போட்டோவுக்கும் சிரிப்பதில்லை. அவரைப் பாதியாக்கினாள், ஒன்பது. கால்வாசியாக்கினாள், ஒன்பது. தபால்தலை அளவுக்கு வந்துவிட்டார், முகம் நாலு புள்ளியாகிவிட்டது, மூக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அப்போதும் ஒன்பது எம்பி. "போட்டோ இல்ல அண்ணே." "அப்ப வேற ஏதோ. என்ன தப்புன்னு பாக்கச் சொல்லிச் சென்னை கம்ப்யூட்டர்காரனுக்கு எழுதிப் போட்டிருக்கேன், அவன் சாப்டப் போயிருப்பான், மூணு மணிக்கு மேல பாப்பான்." மூணு மணிக்கு மேல். உலகத்தில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்து கை கழுவி ஏப்பம் விட்ட பிறகு. ஏசியிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் கீழே வைத்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது, மணி இரண்டு முப்பத்தொன்று, ஒரு சொட்டு, இரண்டு முப்பத்திரண்டு. அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது, வந்திருக்கக் கூடாது, வந்துவிட்டது: ஒருவேளை அவரே வேண்டாம் என்று சொல்லியிருந்தால்? கப்பலில் இருந்தபடியே கேப்டனிடம் எனக்கு இறங்க வேண்டாம் என்று சொல்லலாம், சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், வீட்டுக்குப் போய் என்ன செய்ய என்று. போன வாரம் பேசும்போது கேட்டாரே. லைன் விட்டு விட்டு வந்தது, அவர் குரல் வாளிக்குள்ளிருந்து பேசுவது மாதிரி, "மக்கா, இன்னொரு ட்ரிப்பு இருந்துட்டு வரட்டா, ஒனக்கு ஒண்ணும் கஷ்டமில்லியே?" அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வாங்க டாடி என்று இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தைக்கு வாயில் என்ன புண்ணா? "இருக்கணும்னா இருங்க, யாரு வேண்டாம்னா" என்று சொன்னாள். மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லுகிறவள் என்று அவளுக்கு ஊரெல்லாம் பெயர், வாத்தியார்களிடம் சொல்லுவாள், அத்தையிடம் சொல்லுவாள், குழம்பில் உப்பு கூடினால் கூடிற்று என்பாள், ஆனால் மனசில் பட்ட அந்த ஒன்று மட்டும் பட்டென்று வரவில்லை. மறுமுனையில் கடல் இரைச்சல், அல்லது லைன் இரைச்சல், இரண்டுக்கும் என்ன வித்தியாசம். "சரி மக்கா" என்றார். சரி என்றால் எந்தச் சரி. வர்ற சரியா, இருக்கிற சரியா. எட்டு நாளாக இந்தச் சரி அவள் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது, சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்கவில்லை.

சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்கும். பெட்டியில் எது கனம் என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துத் தூக்கிப் பார்க்க வேண்டியதுதானே, ஏர்போர்ட்டில் டாடி செய்கிற மாதிரி. சோதனைக்கென்று ஒரு லைன் இருக்கிறது, அதில் அனுப்பினால் சிங்கப்பூர் சிஸ்டம் சரி, தப்பு என்று மட்டும் சொல்லும், கணக்கில் எடுக்காது. டாடியின் பெட்டியை நகல் எடுத்தாள். பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டு அனுப்பினாள், சிவப்பு. பாஸ்போர்ட்டைத் திரும்ப வைத்துவிட்டுத் தடுப்பூசியை எடுத்தாள், சிவப்பு. சர்டிபிகேட்டுகள் பதினொன்று, தீயணைப்பு, உயிர்ப்படகு, முதலுதவி, ஒரு மனுஷன் மூழ்காமல் இருப்பதற்கு எத்தனை காகிதம் என்று நினைத்துக்கொண்டே பதினொன்றையும் எடுத்தாள், சிவப்பு. ஒவ்வொரு தடவையும் அந்த வட்டம் சுற்றும், சுற்றிவிட்டுச் சிவப்பில் வந்து நிற்கும். அடுத்தது இறங்குகிற விவரம். அதை எடுக்கும் முன்னால் திறந்து பார்த்தாள், பார்க்காமல் இருந்திருக்கலாம், பார்த்துவிட்டாள். கப்பலில் இருந்தபடி ஆட்களே நிரப்புகிற பகுதி அது. துறைமுகம், சிங்கப்பூர். தேதி, பதினேழு. இறங்க விருப்பம், ஆம். அதற்குக் கீழே குறிப்பு என்று ஒரு இடம், யாரும் எதுவும் எழுதுவதில்லை, மற்ற பதிமூன்று பேரும் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். டாடி எழுதியிருந்தார், ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில், டாட்டர் வெயிட்டிங். நிரப்பின தேதி போன புதன். அந்த போன் பேசின மறுநாள். லூர்திகாவுக்கு மூக்கு எரிந்தது. யார் சொன்னது வெயிட்டிங் என்று, நான் சொன்னேனா, இருங்க என்றுதானே சொன்னேன், இந்த மனுஷனுக்குக் காது கேட்கவில்லையா. நன்றாகக் கேட்டிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைத்ததை ஞானதுரை அண்ணன் பார்த்துவிட்டாரா என்று பார்த்து, பார்க்கவில்லை, மக்ரூன் டப்பாவில் பொடியைத் தட்டிக்கொண்டிருக்கிறார், மணியைப் பார்த்தாள். இரண்டு ஐம்பத்தெட்டு. இப்போது பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. வரவேண்டாம் என்று நினைக்கிற மனுஷன் வராமல் போனால் அழுதுவிட்டு விட்டுவிடலாம். வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற மனுஷனை என்ன சொல்லித் திரும்ப நாற்பது நாள் தண்ணீருக்குள் அனுப்புவது. மம்மி போனபோது அவர் எங்கேயோ நடுக்கடலில், நாலாம் நாள்தான் வந்தார், வாசலில் பெட்டியோடு நின்றார், உள்ளே யாரும் பெட்டியை வாங்கவில்லை, அதை அவரே தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

மிச்சம் ஒரே பகுதி, குடும்பம். எடுத்தாள், அனுப்பினாள், பச்சை. நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடிக்கிற மாதிரி எழுந்தாள். "அண்ணே, குடும்பம்! குடும்பத்த எடுத்தா போகுது!" "எல்லாரும் சொல்றதுதான அது" என்றார் அவர், சிரித்துக்கொண்டே வந்து பார்த்து, சிரிப்பை நிறுத்தினார். "ஆனா குடும்பம் இல்லாம உண்மையில அனுப்ப முடியாதே பிள்ள. நெருங்கிய உறவு ஒரு பேராவது இருக்கணும். ஆளுக்கு ஏதாவது ஆனா யாருக்குச் சொல்றது? சோதனையில விடுவான், நெசத்துல விடமாட்டான்." குடும்பம் என்றால் அதில் இருப்பது ஒரே ஒரு பெயர். அவள் பெயர். அப்படியென்றால் ஒன்பது எம்பி கனம் இவளா? ஐம்பத்திரண்டு கிலோ பெண், அதற்குள் என்ன அப்படி அடைத்து வைத்திருக்கிறது? அதைத் திறந்தாள். எழுத்து எழுத்தாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்தோணி கொரேரா, பாஸ்போர்ட் எண், சர்டிபிகேட், நெருங்கிய உறவு லூர்திகா கொரேரா. அதற்குள் லூர்திகா கொரேரா, பிறந்த தேதி, வேலை, நெருங்கிய உறவு அந்தோணி கொரேரா. அதற்குள் அந்தோணி கொரேரா, பாஸ்போர்ட் எண், சர்டிபிகேட், நெருங்கிய உறவு லூர்திகா கொரேரா. அதற்குள். அதற்குள். விரலால் தள்ளத் தள்ள மகளுக்குள் அப்பா, அப்பாவுக்குள் மகள், அடி தெரியவில்லை, நானூறு, ஐந்நூறு தடவை, சிங்கப்பூர்க்காரன் எத்தனை பெட்டியைத்தான் திறப்பான், திறந்து திறந்து கை வலித்து, ஆழம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டான், அவன்மேல் என்ன குற்றம். ஞானதுரை அண்ணன் குனிந்து பார்த்து ஒரு விசில் அடித்தார். "சுத்துதுல்லா! நீ அவரக் காட்டுற, அவரு ஒன்னக் காட்டுறாரு. யாரு பிள்ள இப்படிக் கோத்து வச்சது?"

யார் என்று அவளுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்று. ஆபீஸ் ஆட்களுக்குத் தனியாக ஒரு சாப்ட்வேர் வாங்க வில்சன் சாருக்கு மனசு இல்லை, கப்பல்காரர்கள் இருக்கிற அதே சிஸ்டத்தில் அவளையும் ஏற்றச் சொன்னார். நெருங்கிய உறவு என்ற கட்டத்தில் பெயரைக் கையால் அடிக்க முடியாது, ஏற்கெனவே உள்ள ஆட்களின் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். பிலோ அத்தை பட்டியலில் இல்லை. அந் என்று இரண்டு எழுத்து அடித்தாள், டாடி வந்து நின்றார், ஆரஞ்சு பாய்லர் சூட்டில். தொட்டாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் போட்டோவும் வந்து ஒட்டிக்கொண்டன, ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது, சும்மா சொல்லக் கூடாது, அப்படித்தான் இருந்தது. அந்த ஆசையில் அவர் பக்கத்தையும் திறந்து பார்த்தாள். அங்கே நெருங்கிய உறவு, ரோஸ்லின் கொரேரா, மம்மி. செத்து இரண்டு வருஷம் ஆன பிறகும் பழைய படிவத்தையே யாரோ தூக்கிப் போட்டிருந்தார்கள். டாடிக்குக் கடலில் ஏதாவது ஆனால் இவர்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போன் போடுவார்களா? கோபத்தில் மம்மி பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை வைத்தாள். இரண்டு முடிச்சையும் அவளே போட்டாள், அரை நிமிஷ இடைவெளியில், சந்தோஷமாக. அதன்பிறகு நாலு மாதமாக அவரைப் பற்றி எங்கேயும் எதுவும் அனுப்ப வேண்டி வரவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. மற்ற பதிமூன்று பேருக்கும் பெண்டாட்டி, அம்மா பெயர்தான் இருக்கிறது, அவர்களும் பட்டியலில் இருக்கிறார்கள், ஆனால் உங்களுக்கு நெருங்கிய உறவு யார் என்று அந்தப் பெண்களை எவனும் கேட்டதில்லை, அந்தக் கட்டம் காலி, அதனால் அவர்கள் புருஷன்மார் ஒழுங்காக வீடு வந்து சேருகிறார்கள். "ஒரு முடிச்ச அவுத்தாப் போதும்" என்றார் ஞானதுரை அண்ணன், "உங்கப்பாவோடத அவுக்க முடியாது, லிஸ்ட்ல ஏறுன ஆளுக்குப் போட்டோ தவிர எல்லாம் பூட்டிக்கிடும், கேப்டன் கையெழுத்து வேணும். ஒன்னோடத அவுத்துரு." "அத்தையச் சேத்துக்கிடலாமா?" "புது ஆளுன்னா ஆதாரு ஸ்கேன், அப்ரூவலு, நாளைக்குத்தான் ஆகும். மணி மூணு இருபது." "அனுப்பிட்டுத் திரும்ப அவரையே போட்டுக்கிடலாமில்லா?" அவர் தலையை ஆட்டினார். "டிக்கெட்டு, விசா, கரைக்கு வர்ற போட்டுல ஏறுறது, ஒவ்வொண்ணுக்கும் இந்தப் பெட்டி போயிட்டு வரும். அவரு இறங்குறவரைக்கும் தொடாத."

தன் பக்கத்தைத் திறந்தாள். லூர்திகா கொரேரா, பதினெட்டு, பக்கத்தில் அவர். போட்டோவை அவளே சின்னதாக்கித் தொலைத்திருந்ததால் முகம் இல்லை, ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி மட்டும், தூரத்துக் கப்பல் மாதிரி. அதன் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி. தொட்டாள். உறவை நீக்கவா என்று கேட்டது. இதெல்லாம் ஒரு கேள்வியா. இரண்டே பட்டன், ஆம், இல்லை. வெறும் கட்டம்தான், சாப்ட்வேர்தான், இதில் நீக்கினால் எதுவும் நீங்காது என்று மண்டைக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. நாலு மாதமாகக் காலையில் வந்து உட்கார்ந்ததும் முதலில் இந்தப் பக்கத்தைத்தான் திறப்பாள், வேலை எதுவும் இல்லாமல், சும்மா, அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மூடுவாள். வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. எழுதியிருக்கிறாரே அவர், பெரிய எழுத்தில், அவர் பக்கத்தில் இவள் இருக்கிறாள், பூட்டியே இருக்கிறாள், ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தால் போதாதா? கதவில் சாய்ந்து நின்றவள்தானே, சாக்ஸ் எடுத்துக்கொடுக்காதவள்தானே, இதையாவது எடுத்துக்கொடு. ஆம். புள்ளி போய்விட்டது. டாடியின் பெட்டியைத் திரும்பக் கட்டினாள், முப்பத்தெட்டு கேபி, கைக்குள் அடங்குகிற மாதிரி. அனுப்பினாள். வட்டம் சுற்றியது. சுற்றியது. மூன்று இருபத்தாறு. பச்சை.

"பதினாலும் போயிட்டு சார்!" என்று ஞானதுரை அண்ணன்தான் கத்தினார். வில்சன் சார் வெளியே வந்தார், ஆனால் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை, கையில் போனை நீட்டிக்கொண்டு வந்தார். "அது கெடக்கட்டும். ஏ பிள்ள, சிஸ்டம் எனக்கு மெயில் அனுப்புது, ஒன் ரெக்கார்டுல நெருங்கிய உறவு காலியாக் கெடக்காமே? ஆபீசுல வச்சு ஒனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரக் கூப்புட?" லூர்திகா எழுந்து, நிரம்பி வழியப் போகிற வாளியைக் கையில் எடுத்தாள். "பதினேழாம் தேதி வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது சார்."